லூசி வில்ஸ்: இரும்பு மட்டும் போதாது என்று கண்ட மருத்துவர்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கருவுற்ற பெண்களுக்கு ஒரு சிவப்பு மாத்திரை கொடுப்பார்கள். பலரும் அதைச் சத்து மாத்திரை என்பார்கள்; இரும்பு மாத்திரை என்றும் சொல்வதுண்டு. அட்டையைத் திருப்பிப் படித்தால் அதில் இரண்டு பெயர்கள் அச்சாகியிருக்கும். முதலாவது இரும்பு, இரண்டாவது ஃபோலிக் அமிலம். இரும்பின் கதை பழையது. நூற்றாண்டுகளாக மருத்துவர்கள் அறிந்தது. இரண்டாவது பெயர் அந்த அட்டையில் வந்து சேர்ந்ததற்கு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் முக்கியக் காரணம். அந்த வேலையில் பெரும்பகுதியை அவர் செய்தது நம் நாட்டில்தான். பம்பாய், குன்னூர், மெட்ராஸ் ஆகிய மூன்று ஊர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அரிவாள் செய்த குடும்பம்

லூசி வில்ஸ் 1888-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். தந்தை வில்லியம் லெனர்ட் வில்ஸ் அறிவியல் பட்டதாரி. குடும்பத்துக்குச் சொந்தமாக அரிவாள், கதிரறுக்கும் கருவிகள் செய்யும் பட்டறை இருந்தது. தாய் கெர்ட்ரூட், பர்மிங்ஹாமில் பெயர்பெற்ற ஒரு மருத்துவரின் மகள். அறிவியலை வீட்டுப் பேச்சாகவே கொண்ட வசதியான குடும்பம். லூசியின் சகோதரர்களில் ஒருவரான லெனர்ட் ஜான்ஸ்டன் வில்ஸ் பின்னாளில் புகழ்பெற்ற நிலவியல் அறிஞரானார்.

1903-இல் லூசி செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். பெண்களுக்கும் கணிதமும் அறிவியலும் முறையாகக் கற்பித்த முன்னோடிப் பள்ளிகளில் அது ஒன்று. 1907-இல் கேம்பிரிட்ஜ் நியூனம் கல்லூரிக்குச் சென்று தாவரவியலும் நிலவியலும் படித்தார். 1911-இல் தேர்வுகளை முடித்தார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. அன்றைய கேம்பிரிட்ஜில் பெண்கள் பாடம் கேட்கலாம், தேர்வு எழுதலாம். பட்டம் பெற முடியாது. அந்த விதி மாற 1948 வரை ஆயிற்று.

அதே 1911-இல் தந்தை இறந்தார். 1913-இல் மூத்த சகோதரி எடித் 26 வயதில் காலமானார். இந்த இழப்புகளுக்குப் பிறகு லூசி தாயுடன் கப்பலேறி இலங்கைக்குச் சென்றார். அங்கே அவர்களுக்கு உறவினரும் நண்பர்களும் இருந்தனர். 1914-இல் தம்பி கார்டனுடன் தென்னாப்பிரிக்கா போனார். கேப் டவுனில் இருந்தபோது முதல் உலகப் போர் வெடித்தது. அங்கேயே ஒரு மருத்துவமனையில் சில வாரங்கள் தொண்டராகச் செவிலியர் வேலை பார்த்தார். தாவரவியல் படித்த பெண் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது அந்தக் காலத்தில்தான்.

பெண்களுக்கான மருத்துவப் பள்ளி

நாடு திரும்பிய பின், 1915 ஜனவரியில் லண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1874-இல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளிதான் பிரிட்டனில் பெண்களை மருத்துவராக்கிய முதல் நிறுவனம். ராயல் ஃப்ரீ மருத்துவமனையோடு இணைந்திருந்தது. இந்தியாவுடன் அதற்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. பின்னாளில் இந்திய மகப்பேறு மருத்துவத்தின் முன்னோடியான ஜெருஷா ஜிராட் அங்கு படித்தவர். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்ற மேரி ஷார்லீப் மேற்படிப்புக்காக அங்கே சென்று, திரும்பி வந்து 1885-இல் மெட்ராஸில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். அந்த மருத்துவமனை இக்கதையில் மீண்டும் வரும்.

1920-இல் லூசி மருத்துவரானார். வயது 32. தனியாகத் தொழில் நடத்தவில்லை. ராயல் ஃப்ரீயின் வேதி நோயியல் துறையில் ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் அமர்ந்தார். கருவுற்ற பெண்களின் உடலில் நிகழும் வேதி மாற்றங்கள்தான் அவருடைய முதல் ஆய்வுப் பொருள்.

அன்றைய இரும்பு வைத்தியம்

லூசி இந்தியாவில் எதைக் கண்டார் என்று புரிய, அன்று இரத்தசோகைக்கு என்ன மருந்து இருந்தது என்று பார்க்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கில மருத்துவர் வெளிறிப்போன இளம்பெண்களுக்கு இரும்பைக் கொடுத்துக் குணப்படுத்தினார். 1832-இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் ப்ளோ இரும்பு சல்பேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து மாத்திரை செய்தார். ப்ளோ மாத்திரை இருபதாம் நூற்றாண்டு வரை உலகெங்கும் விற்றது. ஹீமோகுளோபினின் நடுவில் இருப்பது இரும்பு. அது குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து, நிறம் மங்கிப் பிறக்கும். இரும்பைக் கொடுத்தால் சில வாரங்களில் முகத்தில் இரத்தம் ஏறும்.

ஆனால் எல்லா இரத்தசோகையும் இதற்குப் பணியவில்லை. ஒருவகை நோயில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும், எண்ணிக்கை மட்டும் மிகக் குறைவாக இருக்கும். எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் நோயாளி இறந்துபோவார். கொடிய இரத்தசோகை என்றே அதற்குப் பெயர். 1926-இல் அமெரிக்காவில் மைனாட்டும் மர்ஃபியும் ஈரலை உண்ணக் கொடுத்து அதைக் கட்டுப்படுத்தினார்கள். 1934-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

வெளியே தெரிவது ஒன்றுதான்: வெளிறிய கண், மூச்சிரைப்பு, அசதி. மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான சங்கடம். திரையில் வருவது ஒரே பிழைச்செய்தி. உள்ளே காரணங்கள் இரண்டு. ஒன்றைச் சரிசெய்துவிட்டு முடிந்தது என்று எழுந்துபோனால் மறுநாள் அதே செய்தி வந்து நிற்கும். இங்கே மறுநாள் வந்து நின்றது மரணம்.

பம்பாய்

இந்தியாவில் பிரசவத்தில் இறக்கும் தாய்மார்கள் பற்றிய பெரிய விசாரணை ஒன்றை இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் நடத்திவந்தது. அதில் ஈடுபட்டிருந்த டாக்டர் மார்கரெட் பால்ஃபரின் அழைப்பை ஏற்று, 1928-இல் லூசி வில்ஸ் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்தார். அப்போது வயது 40. கருவுற்ற பெண்களைத் தாக்கிய கடுமையான இரத்தசோகைக்குக் காரணம் காண்பதே அவருக்குத் தரப்பட்ட வேலை. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தப் பெண்களின் சிவப்பணுக்கள் பெரிதாக இருந்தன. ஆக, இது வெறும் இரும்புக் குறை இல்லை. கொடிய இரத்தசோகையைப் போலத் தோன்றினாலும் முழுக்க அதுவும் இல்லை. அந்த நோயாளிகளின் இரைப்பையில் அமிலம் சுரப்பதில்லை. பம்பாய்ப் பெண்களில் பலருக்குச் சுரந்தது.

முதலில் தொற்றுக் காரணங்களைத் தேடினார். பிடிபடவில்லை. பிறகு, யாருக்கு இந்த நோய் வருகிறது, யாருக்கு வருவதில்லை என்று கவனித்தார். தல்படே என்ற இந்திய ஆய்வாளருடன் சேர்ந்து, பம்பாயின் பல சமூகப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்து 1930-இல் வெளியிட்டார். நோய் அதிகம் கண்டது ஏழை முஸ்லிம் பெண்களிடம். அவர்களுடைய உணவுதான் எல்லோருடையதையும்விட மோசமாக இருந்தது. பாலும் பழமும் பச்சைக் காய்கறியும் அவர்கள் தட்டுக்கு மிக அரிதாகவே வந்தன. மதமோ இனமோ காலநிலையோ காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது அன்று எளிது. லூசியின் கணக்கு விரலை நீட்டியது சாப்பாட்டுத் தட்டை நோக்கி.

எலி, குரங்கு, மார்மைட்

அடுத்து அந்தப் பெண்கள் உண்ட உணவையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் இரத்தசோகை வந்தது. ஈஸ்டைச் சேர்த்துக் கொடுத்தால் வரவில்லை. விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. ஆனால் எலிகளின் உடம்பில் பேன்கள் இருந்தன. அவை பார்ட்டொனெல்லா என்ற கிருமியைப் பரப்பி, அதுவும் இரத்தத்தை அழித்துக்கொண்டிருந்தது. எது உணவால் வந்தது, எது பேனால் வந்தது என்று பிரிக்க முடியாமல் போயிற்று. எலிச் சோதனையை மட்டும் நம்பாமல் லூசி குரங்குகளுக்கு மாறினார். மோசமான உணவில் நலிந்த குரங்குகளுக்கு மார்மைட் கொடுத்தபோது அவை தேறின.

மார்மைட்டை இலங்கைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்டைக் கொண்டு, இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் 1902 முதல் தயாரிக்கப்பட்ட கருநிறக் குழம்பு. உப்பு தூக்கல், விலை மலிவு. ஈரல் சத்து அன்று விலையுயர்ந்த பொருள். தவிர, அதை மறுக்கும் நோயாளிகள் இந்தியாவில் ஏராளம். ஒரு ஏழைத் தாய்க்குக் கட்டுப்படியாகக் கூடிய மருந்து ஒரு ரொட்டித் தடவலில் கிடைத்தால் எவ்வளவு நல்லது!

கிடைத்தது. இரத்தசோகையால் தளர்ந்த கர்ப்பிணிகளுக்கு லூசி மார்மைட் கொடுத்தார். நாள்தோறும் இரத்தம் எடுத்து, புதிதாகப் பிறந்த சிவப்பணுக்களை எண்ணினார். உடம்பு தேறியதாக நோயாளி சொல்வதை மட்டும் அவர் சான்றாகக் கொள்ளவில்லை. எலும்பு மஜ்ஜை மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்பதை எண்ணிக்கை காட்ட வேண்டும். சில நாட்களிலேயே எண்ணிக்கை குபீரென்று ஏறியது. 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இம்முடிவுகள் வெளியாயின.

குன்னூரும் கோஷா ஆஸ்பத்திரியும்

இந்த ஆண்டுகளில் அவர் பம்பாயிலேயே தங்கிவிடவில்லை. 1929-இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு இடம் மாறினார். அங்கே ராபர்ட் மெக்காரிசன் சத்துணவு ஆராய்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார். அந்த ஆய்வுக்கூடமே பிற்பாடு ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

1931-இன் தொடக்கத்தில் லூசி மெட்ராஸில் இருந்தார். வேலை பார்த்த இடம் மேரி ஷார்லீப் தொடங்கிய அதே மருத்துவமனை. திருவல்லிக்கேணிக்காரர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று இன்றும் சொல்லும் அரசு கஸ்தூர்பா காந்தி தாய்சேய் மருத்துவமனை அது. ஒரே லண்டன் பள்ளியில் படித்த இரண்டு பெண்களில் ஒருவர் தொடங்கிய மருத்துவமனையில், ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு மற்றவர் இரத்தம் எண்ணினார்.

வில்ஸ் காரணி

மார்மைட்டில் இருந்த அந்தப் பொருள் எது? 1933-இல் ராயல் ஃப்ரீக்குத் திரும்பிய பிறகும் லூசியை இந்தக் கேள்வி விடவில்லை. ஈரலிலிருந்து எடுத்த சுத்திகரிக்கப்படாத சாறு பம்பாய் நோயைக் குணமாக்கியது. அதையே நன்றாகச் சுத்திகரித்துக் கொடுத்தால் கொடிய இரத்தசோகை குணமாயிற்று, பம்பாய் நோய் குணமாகவில்லை. ஈரலில் இரண்டு வேறு மருந்துகள் இருக்கின்றன என்பது இதன் பொருள். சுத்திகரிப்பில் தொலைந்துபோவதுதான் அவர் தேடிய பொருள். 1937-இல் சக ஆய்வாளர்களுடன் இதை வெளியிட்டார். மருத்துவ உலகம் அதற்கு வில்ஸ் காரணி என்று பெயர் வைத்தது. அந்த ஆண்டின் இறுதியில் கடல் விமானத்தில் பல இடங்களில் இறங்கி ஏறி மீண்டும் பம்பாய் வந்து, பத்து வாரங்கள் வேலை செய்து திரும்பினார்.

1941-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கீரையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945-இல் லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுக்குழு அதைச் செயற்கையாக உருவாக்கியது. அந்த ஆய்வுப் பணியை இயக்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவில் பிறந்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். லூசி மார்மைட்டில் கண்ட பொருளும் கீரையின் இந்த அமிலமும் ஒரே குடும்பம் என்பது தெளிவாயிற்று. சுத்திகரித்த ஈரலில் இருந்த மற்றப் பொருள் 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட பி12 வைட்டமின்.

செல் பிளவுபட ஃபோலேட் வேண்டும். அது இல்லாவிட்டால் மஜ்ஜையில் செல்கள் வளர்ந்துகொண்டே போகும், பிளக்க முடியாமல் தவிக்கும். அதனால்தான் அளவில் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் வருகின்றன. இலையின் பெயர் தாங்கிய இந்தச் சத்தைத் தேடிப் புறப்பட்டவர் தாவரவியல் மாணவியாக இருந்தவர் என்பது ஓர் இனிய பொருத்தம்.

போர்க்காலத்தில் இரும்பு

இரண்டாம் உலகப் போர் நாட்களில் லூசி லண்டனில் அவசர மருத்துவச் சேவையின் நோயியல் மருத்துவராக இருந்தார். 1944 ஜூலையில் ஜெர்மானியரின் பறக்கும் குண்டு ஒன்று ராயல் ஃப்ரீ மருத்துவமனை மீதே விழுந்தது. பலர் இறந்தனர். ஆய்வுக்கூட வேலை சில நாட்கள் மட்டும் நின்றது, பிறகு தொடர்ந்தது. அம்மருத்துவமனையின் முதல் இரத்தவியல் துறையை உருவாக்கியதும் அவரே.

ஃபோலேட்டைத் தேடி இத்தனை ஆண்டுகள் செலவழித்தவர் இரும்பை ஒதுக்கிவிடவில்லை. போர்க்கால உணவுப் பங்கீட்டில் கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் பால் போன்ற சலுகைகள் இருந்தன. அந்த உணவு போதுமா, அல்லது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாகவே இரும்பு கொடுக்க வேண்டுமா? லூசியும் சக பெண் ஆய்வாளர்களும் இதைச் சோதித்து, 1947-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன் இதழின் முதல் தொகுதியில் முடிவுகளை வெளியிட்டனர். இரும்பு பெற்ற தாய்மார்களின் ஹீமோகுளோபின் அளவு பெறாதவர்களுடையதைவிட மேலாக இருந்தது. இன்று நமக்கு இது சாதாரணச் செய்தி. அன்று, நம்பிக்கையின் பேரில் கொடுத்துவந்த ஒரு மருந்தை எண்ணி, அளந்து, ஒப்பிட்டுப் பார்த்த வேலை.

பம்பாயில் இரும்பு போதாது என்று காட்டியவரும், லண்டனில் இரும்பு தேவை என்று காட்டியவரும் ஒருவரே. இதில் முரண் எதுவும் இல்லை. எதிரே இருக்கும் பெண்ணுக்கு எது குறைகிறது என்பதே இரண்டு இடத்திலும் அவர் கேட்ட கேள்வி.

கடைசி ஆண்டுகள்

1947-இல் ஓய்வு பெற்றார். ஓய்வில் உட்காரவில்லை. ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று பயணம் செய்து ஊட்டச்சத்தையும் இரத்தசோகையையும் தொடர்ந்து கவனித்துவந்தார். இடதுசாரிக் கொள்கைகளில் பற்று உள்ளவர். கடைசிப் பத்தாண்டில் லண்டனின் செல்சீ நகராட்சியில் தொழிற்கட்சி உறுப்பினராகவும் இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மருத்துவர்கள் காரில் வந்து இறங்கிய காலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போனவர். மலையும் பனிச்சறுக்கும் தோட்டமும் அவருக்குப் பிடித்தவை. 1964 ஏப்ரல் 16-ஆம் தேதி 75 வயதில் காலமானார்.

அவர் இறந்த பிறகும் அவர் கண்ட பொருள் வேலை செய்துகொண்டிருந்தது. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடு மீண்டும் வராமல் பெருமளவு தடுக்கலாம் என்று 1991-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பெரிய ஆய்வு நிறுவியது. தாயைக் காக்கக் கண்டது பிள்ளையையும் காத்தது.

இன்றைய அட்டை

இந்தியா 1970-இல் சத்துக்குறை இரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, இரும்பையும் ஃபோலிக் அமிலத்தையும் ஒரே மாத்திரையாகக் கொடுக்கத் தொடங்கியது. 2018-இல் வந்த இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின்படி, கருவுற்ற பெண்ணுக்குத் தினம் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் குறைந்தது 180 நாட்களுக்கு. மருந்தும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. இருந்தும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. கருவுற்ற பெண்களில் 52.2 சதவீதம்.

கடல் தாண்டி வாழும் நம் வீடுகளிலும் இந்தக் கதை உண்டு. அசதி என்றதும் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். மலச்சிக்கலோ வயிற்றுப் புரட்டலோ வந்தால் ஒரு வாரத்தில் நிறுத்திவிடுகிறோம். மலம் கறுத்துப்போவது இரும்பினால்தான், பயப்படத் தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரும் காப்பியும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர உதவும். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும், உடம்பின் இருப்பு நிரம்பச் சில மாதங்கள் தொடர வேண்டும். இவ்வளவும் செய்து எண் ஏறவில்லை என்றால், இரத்தப்போக்கு இருக்கிறதா, குறைவது இரும்பா, ஃபோலேட்டா, பி12-ஆ என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். சைவ உணவுக்காரர்களுக்குப் பி12 குறைவது சகஜம். அங்கே ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறியது போலத் தெரியும், நரம்புகள் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும்.

லூசி வில்ஸ் தம் வாழ்நாளில் பெரிய பரிசுகள் எதுவும் பெறவில்லை. வில்ஸ் காரணி என்ற பெயரும் ஃபோலிக் அமிலம் வந்ததும் வழக்கொழிந்தது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் அந்தச் சிவப்பு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டும்போதெல்லாம், அவருடைய பம்பாய் ஆண்டுகள் அதில் பாதியாகச் சேர்ந்தே போகின்றன. வாங்கிக்கொள்ளும் தாய்க்கு அவர் பெயர் தெரிய வேண்டியதில்லை. மாத்திரையைத் தவறாமல் விழுங்கினால் போதும்.